எப்ராயீம் அமு: கானா நாட்டுப் பாட்டு வாத்தியாரைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் இந்த எப்ராயீம் அமு?

மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கிற கானா நாட்டின் பாட்டு வாத்தியார். (கானா என்றதும் சென்னைக் கானா நினைவுக்கு வந்தால் குற்றமில்லை, ஆனால் இது நாடு.) 1899 செப்டம்பர் 13 அன்று பிறந்து, 1995 ஜனவரி 2 அன்று 95 வயதில் இறந்தார். சபைப் பாட்டு, நாட்டுப்பற்றுப் பாட்டு, மூங்கில் குழல் இசை என்று நிறைய எழுதியவர். பிரசங்க மேடையில் கோட்டு போடாமல் ஊர்த் துணியைப் போர்த்திக்கொண்டு நின்றார், அதனால் வேலை போனது என்பதுதான் அவரைப் பற்றி எல்லோரும் முதலில் சொல்கிற கதை. எனக்கு அது இரண்டாவது கதைதான். முதல் கதை, ஒரு சொல்லை எந்த ஏற்ற இறக்கத்தில் சொல்ல வேண்டும் என்பதைப் பற்றியது. அதில் அவர் பிடித்த பிடிவாதம்தான் பிறகு துணிக்கும் போனது, குழலுக்கும் போனது, வேலையையும் கொண்டுபோனது.

அவரை கோஸ்பல் பாடகர் என்று சொல்லலாமா?

இன்றைய அர்த்தத்தில் சொல்ல முடியாது. மேடை, கீபோர்டு, டிரம் செட், கையில் மைக்கோடு பாடுகிற நட்சத்திரம், இதெல்லாம் கானாவில் பின்னால் வந்தது. அதற்கும் ஒரு சுவையான காரணம் உண்டு. 1981 கடைசி நாளில் ராலிங்ஸ் என்ற ராணுவக்காரர் ஆட்சியைப் பிடித்தார், 1982 முதல் 1984 வரை இரவு ஊரடங்கு. ராத்திரியில் ஆளே வெளியே வரக்கூடாது என்றால் கிளப்பில் ஹைலைஃப் (கானாவின் நடன இசை) வாசிக்கிற இசைக்குழு எப்படிப் பிழைக்கும்? வாத்தியங்களை இறக்குமதி செய்ய வரி வேறு கடுமை. தேவாலயங்களுக்கு அந்தத் தொல்லை குறைவு. ஆகவே கித்தார்காரரும் டிரம்காரரும் மொத்தமாகச் சபைகளுக்குள் வந்துவிட்டார்கள். பெந்தெகொஸ்தே சபைகள் பெருகிக்கொண்டிருந்த நேரமும் அதுவே. கானாவின் கோஸ்பல், ஹைலைஃப் தாளத்தில் ஆடிக்கொண்டே துதிக்கிற பாட்டாக ஆனதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அமு இதற்கெல்லாம் ஐம்பது வருஷம் முந்தி. அவருடையது குவயர் பாட்டு, அதாவது ஒரு பாடகர் குழு நான்கு குரலாகப் பிரிந்து சேர்ந்து பாடுவது. ஆனால் சபைக்குள் தாய்மொழிப் பாட்டும் ஊர் வாத்தியமும் மரியாதையோடு வரலாம் என்று சண்டை போட்டவர்களில் அவர் முன்வரிசை. கதவைத் திறந்தது ஒரு தலைமுறை, உள்ளே வந்து ஆடியது இன்னொரு தலைமுறை என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

எந்த ஊர், எப்படிப்பட்ட குடும்பம்?

கானாவின் கிழக்கே, வோல்ட்டா பகுதியில் பெக்கி-அவெட்டிலே என்ற ஊர். எவே மொழி பேசுகிற மக்கள். அப்போது அந்த நாட்டுக்குப் பெயர் கோல்ட் கோஸ்ட், பிரிட்டன் ஆண்டுகொண்டிருந்தது. பெக்கிக்கு ஜெர்மனியின் பிரேமன் மிஷன் 1847லேயே வந்துவிட்டது. அப்பா ஸ்டீஃபன் மரச்சிற்ப வேலைக்காரர், பறை அடிப்பதிலும் பாடுவதிலும் கெட்டிக்காரர் என்று பெயர்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்தில் கிறிஸ்தவரானால் பல இடங்களில் ஊரைவிட்டுத் தள்ளித் தனிக் குடியிருப்பில் வாழ வேண்டும். பாசல் மிஷன் என்ற இன்னொரு மிஷனின் ஊர்களில் அதற்கு ‘சாலேம்’ என்று பெயர், எவே பக்கத்தில் ‘குன்றின் மேல்’ என்று பொருள்படுகிற ஒரு பெயர். அங்கே பறை கூடாது, ஊர் ஆட்டம் கூடாது, பழைய பாட்டு கூடாது. ஞானஸ்நானம் வாங்கின அன்றே மனிதன் தன் காதையும் மாற்றிக்கொள்ள வேண்டும் என்கிற மாதிரி. பையன் அமு வளர்ந்தது இந்த இரண்டு ஒலிகளுக்கும் நடுவில்தான்: குன்றின் மேல் ஆர்கன், கீழே பறை.

இசையை எங்கே, யாரிடம் கற்றார்?

இது எனக்குப் பிடித்த பகுதி. பெக்கி-பிளெங்கோ பள்ளியில் படிக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை காணிக்கை எடுக்கிற நேரத்தில் ந்டெம் என்ற ஆசிரியர் ஆர்கனில் சின்னச் சின்ன இடையிசை வாசிப்பார். பையனுக்கு அதன்மேல் ஒரே பைத்தியம். எனக்கும் சொல்லிக்கொடுங்கள் என்று போய் நின்றான். வாத்தியார் சம்மதித்தார், ஆனால் சும்மா இல்லை: சனிக்கிழமை என் தோட்டத்தில் வேலை செய், நான் கற்றுத்தருகிறேன். அப்படி ஒரு ஒப்பந்தம். மண்வெட்டி பிடித்த கையோடு ஆர்கன் கட்டையைத் தொட்டவர் அமு. தோட்ட வேலை மீது அவருக்கு இருந்த ஆசையும் கடைசிவரை போகவில்லை, பின்னாளில் கல்லூரியில் பாட்டோடு தோட்டக்கலையையும் சேர்த்தே சொல்லிக்கொடுத்தார்.

பிறகு க்வாஹு மலையில் உள்ள அபெடிஃபி என்ற ஊரில் ஆசிரியர் பயிற்சி. பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நண்பர்களோடு நாள்கணக்காக நடந்தே போன படிப்பு அது. 1919இல் தேறி, 1920 தொடக்கத்தில் தான் படித்த பெக்கி-பிளெங்கோ பள்ளிக்கே ஆசிரியராகத் திரும்பினார். அங்கே அலோட்டே பாப்போ என்ற போதகரிடம் ஹார்மனியும் கவுண்டர்பாயிண்டும் (பல குரல்களைச் சேர்த்து அமைக்கிற மேல்நாட்டு இசை இலக்கணம்) படித்தார்.

அப்போதுதான் அந்த ஆர்கன் கதை. கோஃபோரிடுவா நகரத்துக்குப் போய் மடக்கி வைக்கிற மாதிரியான ஒரு ஆர்கன் வாங்கினார், ஐந்து ஸ்தாயி கொண்டது. லாரி பாதி வழிதான் வந்தது. மீதி வழியை, ஆர்கனைத் தலையில் வைத்துக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாக நடந்தே கடந்தார். நம் ஊர்க் கோயில்களில் பழைய கால் ஆர்மோனியத்தைப் பக்கத்து அறைக்கு நகர்த்தவே இரண்டு பேர் மூச்சு வாங்குவதைப் பார்த்திருக்கிறேன், அதனால் இந்தக் கதையைப் படித்தபோது எனக்குக் கழுத்து வலித்தது.

ஏதோ ‘சொல்லின் தொனி’ என்கிறீர்களே, அது என்ன?

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழ் பேசுகிற நமக்கு இந்தப் பிரச்சினையே கிடையாது.

தமிழில் ‘அப்பா’ என்பதை உயர்த்திச் சொன்னாலும் தாழ்த்திச் சொன்னாலும் அப்பாதான். கோபமாகவோ கொஞ்சலாகவோ கேட்கும், அவ்வளவே. கானாவில் பெருவாரியாகப் பேசப்படும் ட்வி மொழியில் அப்படி இல்லை. ‘பாபா’ மாதிரி ஒலிக்கிற ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு எழுத்தையும் உயரமான குரலில் சொன்னால் ‘நல்லது’. முதல் எழுத்தைத் தாழ்த்தி இரண்டாவதை உயர்த்தினால் ‘அப்பா’. இரண்டையும் தாழ்த்தினால் ‘விசிறி’. எழுத்து அதேதான், மாறியது உயரம் மட்டும். எவே மொழியும் இந்த வகைதான்.

சரி, இப்போது ஒரு ஜெர்மன் ஞானப்பாட்டு மெட்டை எடுத்து அதில் ட்வி சொற்களை நிரப்புங்கள். மெட்டு மேலே போகும் இடத்தில் சொல் கீழே போகச் சொல்லும். நீங்கள் மெட்டுக்குக் கட்டுப்பட்டால் பரலோகத்தில் இருக்கிற அப்பா விசிறியாகிவிடும் ஆபத்து உண்டு. பழகினவர்கள் சூழலை வைத்துப் புரிந்துகொள்வார்கள், அது வேறு விஷயம். ஆனால் புரிந்துகொள்வதற்காக மனதுக்குள் திருத்திக்கொண்டே பாடுகிற பாட்டு எப்படி நெஞ்சிலிருந்து வரும்?

இன்னொரு சிக்கலும் இருக்கிறது, பலரும் இதைக் கவனிப்பதில்லை. முதல் சரணத்துக்குப் பொருத்தமாக நீங்கள் அருமையான மெட்டு போட்டுவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். இரண்டாவது சரணத்தில் சொற்கள் வேறு, அவற்றின் ஏற்ற இறக்கமும் வேறு. அதே மெட்டு அங்கே ஒட்டாது. அதாவது, ஐந்து சரணம் ஒரே மெட்டு என்கிற ஐரோப்பியப் பாமாலைக் கட்டமைப்பே இந்த மொழிகளுக்கு அடிப்படையில் ஒத்துவராத ஒன்று.

மிஷனரிகளுக்கு இது தெரியாதா?

தெரியும்! அதுதான் வேடிக்கை. பாசல் மிஷனைச் சேர்ந்த கிறிஸ்டாலர் என்ற ஜெர்மானியர் 1871இல் முழு வேதாகமத்தை ட்வியில் கொண்டுவந்தார், 1875இல் இலக்கணம், 1881இல் அகராதி. இந்த ஏற்ற இறக்கங்களை எல்லாம் அவ்வளவு நுட்பமாகக் காது கொடுத்துக் கேட்டுக் குறித்துவைத்தவர் அவர். அகராதியில் இருந்த காது பாட்டுப் புத்தகத்துக்கு வரவில்லை. மிஷன் என்பது ஒரே ஆள் இல்லையே.

(நம் பக்கத்துத் தொடர்பு ஒன்று: இதே பாசல் மிஷன்தான் மங்களூர், மலபார் பக்கமும் நீலகிரியில் கோத்தகிரி, கேத்தி பக்கமும் வேலை செய்தது. முதல் உலகப்போரில் ஜெர்மன் தொடர்பு என்று சொல்லி இரண்டு இடத்திலும் அவர்களுக்குச் சிக்கல் வந்தது. கோல்ட் கோஸ்டில் 1917 கடைசியில் வெளியேற்றப்பட்டார்கள், அவர்கள் இடத்துக்கு ஸ்காட்லாந்துக்காரர்கள் வந்தார்கள். அமு மாணவராக இருந்தபோதே மிஷன் நிர்வாகம் கைமாறியது.)

ஆனால் நியாயமாகச் சொல்ல வேண்டும், அமுவுக்கு முன்னால் யாருமே எதுவும் செய்யவில்லை என்பது தவறு. கடற்கரைப் பக்கம் மெதடிஸ்ட் சபைகளில், எழுதப் படிக்கத் தெரியாத ஃபாண்டி மொழிப் பெண்கள் பிரசங்கத்தின் நடுவிலேயே எழுந்து, ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுகிற பாட்டு 19ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது. ஆங்கிலப் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துப் பாட முடியாததால் அவர்கள் தங்கள் வழியிலேயே பாடினார்கள், அந்தப் பாட்டு பிழைத்தது. படிக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் புத்தகம் தடையாக இருந்தது.

அதற்கு அமு கண்ட வழி என்ன?

அவரும் தொடக்கத்தில் மேல்நாட்டுப் பாமாலை பாணியில்தான் எழுதினார். ‘இயேசுவுக்காக உழைப்பேன்’ என்று பொருள்படுகிற எவேப் பாட்டு அந்தக் காலத்தது. திருப்பம் வந்தது 1926இல், அக்ரோபாங் ஊரில் இருந்த பிரெஸ்பிட்டேரியன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு வந்த பிறகு. 1848இல் தொடங்கிய பழைய கல்லூரி அது. அங்கே வந்தபின் ஊர்ப் பாட்டுகளைத் தேடிப் போய்க் கேட்டு எழுதி வைக்க ஆரம்பித்தார். எந்தப் பாட்டைச் சாலேமுக்குள் விடக்கூடாது என்று சொன்னார்களோ அதே பாட்டை, கல்லூரி ஆசிரியர் ஒருவர் தாளும் பென்சிலும் வைத்துக்கொண்டு உட்கார்ந்து கேட்கிறார். ஊர்க்காரர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று யோசித்துப் பார்த்தால் சிரிப்பு வருகிறது.

கேட்கக் கேட்க அவருக்குப் பிடிபட்டது இதுதான்: சொல் மேலே போனால் மெட்டும் மேலே போகட்டும், சொல் இறங்கினால் மெட்டும் இறங்கட்டும். பேச்சிலேயே பாட்டு பாதி இருக்கிறது, மீதியைத்தான் நாம் போட வேண்டும். தாளத்திலும் அப்படியே. இரண்டும் மூன்றும் மோதிக்கொள்கிற ஆப்பிரிக்கப் பறைத் தாளத்தைக் குவயரின் குரல்களுக்குள் கொண்டுவந்தார், அதை ஐரோப்பிய ஸ்வரக்குறியில் எழுதப் படாதபாடு பட்டார். அதேசமயம் நான்கு குரல் ஹார்மனியை அவர் தூக்கி எறியவில்லை. ஐரோப்பா கொடுத்த கருவியில் தனக்கு வேண்டியதை வைத்துக்கொண்டார்.

1932இல் லண்டனில் அவருடைய இருபத்தைந்து ட்விப் பாட்டுகள் புத்தகமாக வந்தன. கவனியுங்கள், அப்போது அவர் இன்னும் கல்லூரி வேலையில்தான் இருக்கிறார், ஆனால் தலைக்கு மேல் கத்தி தொங்க ஆரம்பித்துவிட்டது.

அந்தத் துணி விவகாரம்?

1931. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடத்த வேண்டிய முறை அமுவுடையது. இவர் போதகர் பட்டம் பெற்றவர் இல்லை, ஆனால் அந்தக் கல்லூரி தயாரித்தது ஆசிரியரும் உபதேசியாருமாகச் சேர்ந்த ஆட்களை, அதனால் ஆசிரியர்களும் பிரசங்க மேடை ஏறுவார்கள். கோட்டு, டை, ஷூ என்பதுதான் எழுதப்படாத சட்டம். அந்த வெயிலில்! அமு தன் நாட்டு ஆண்கள் விசேஷத்துக்கு அணிகிற பெரிய துணியை, ஒரு தோளில் போட்டு மறு தோள் வெறுமையாக இருக்கும்படி போர்த்திக்கொண்டு மேடை ஏறினார்.

சபைப் பெரியவர்கள் அதிர்ந்துபோனார்கள். கூப்பிட்டுக் கண்டித்தார்கள். இதில் வருத்தமான விஷயம், எதிர்த்தது வெள்ளைக்காரர்கள் மட்டும் இல்லை. அந்தத் துணி என்றால் பழைய சாமி, பழைய சடங்கு என்று பயந்துபோயிருந்த உள்ளூர்க் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். இரண்டு தலைமுறையாகக் கற்றுக்கொடுத்த பாடம் அது.

அமு வாதாடிய விதம் எளிமையானது. கடவுளைத் தொழ நான் வேற்று நாட்டானாக வேஷம் போட வேண்டுமா? துணியோடு நிற்கவில்லை, ஊர் வாத்தியங்களையும் சபைக்குள் கொண்டுவரப் பார்த்தார். 1933இல் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்.

ஒன்று சொல்லிவிடுகிறேன்: இதை ‘மதத்தை எதிர்த்த புரட்சி’ என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியில்லை. அவர் கடைசிவரை ஜெபமும் வேதவாசிப்புமாக வாழ்ந்த தீவிரக் கிறிஸ்தவர். சபை அவரை விட்டது, அவர் சபையை விடவில்லை.

வேலை போனபின் என்ன செய்தார்?

1934இல் தலைநகர் அக்ராவுக்குப் பக்கத்தில் உள்ள அச்சிமோட்டா கல்லூரி அவரை எடுத்துக்கொண்டது. நல்ல இடம் கிடைத்தது என்றே சொல்ல வேண்டும். அந்தக் கல்லூரியின் சின்னமே பியானோவின் கறுப்பு வெள்ளைக் கட்டைகள்தான். நிறுவியவர்களில் ஒருவரான அக்ரே சொன்ன கருத்திலிருந்து வந்தது: வெள்ளைக் கட்டையில் மட்டும் ஒரு ராகம் வாசிக்கலாம், கறுப்புக் கட்டையில் மட்டும் ஒரு ராகம் வாசிக்கலாம், ஆனால் இரண்டும் சேர்ந்தால்தான் ஹார்மனி. அமுவுக்காகவே வரைந்து வைத்த சின்னம் மாதிரி இல்லையா?

மூங்கில் குழல் என்று கேள்விப்பட்டேன்...

ஆமாம், அத்தென்தெபென். கானாவின் மூங்கில் குழல், வாயில் நேராக வைத்து ஊதுவது. நம் புல்லாங்குழல் மாதிரிப் பக்கவாட்டில் பிடிப்பதில்லை. முன்பு அதை ஊர்ச் சடங்குகளில்தான் வாசித்தார்கள். அமு துளைகளை ஒழுங்குபடுத்தி, முழு ஸ்வர வரிசையும் வரும்படி செய்து, பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக உட்கார்ந்து வாசிக்கிற வாத்தியமாக மாற்றினார். விலை கொடுத்துக் கப்பலில் வரவழைக்கிற வாத்தியத்துக்குக் காத்திருக்காமல், புதரில் வெட்டின மூங்கிலில் ஒரு இசைக்குழு. இன்று கானாவில் பல்கலைக்கழகம் வரை அந்தக் குழல் போய்விட்டது.

இவ்வளவு பேசிவிட்டு லண்டனுக்குப் படிக்கப் போனாரே, முரண்பாடு இல்லையா?

1937 முதல் சுமார் மூன்று வருஷம் லண்டன் ராயல் மியூசிக் கல்லூரியில் படித்தார், உண்மைதான். எனக்கு இதில் முரண் தெரியவில்லை. தன் ஊர்ப் பாட்டைக் காப்பாற்ற விரும்புகிறவன் மற்றவர்களின் இலக்கணத்தைப் படிக்கக்கூடாது என்று யார் சொன்னது? அவர் எதிர்த்தது ஐரோப்பிய இசையை அல்ல, ஐரோப்பிய இசை மட்டுமே இசை என்கிற நினைப்பை.

‘யென் ஆரா அசாசே நி’ கானாவின் தேசிய கீதமா?

இல்லை, ஆனால் பலர் அப்படி நினைத்துக்கொள்கிறார்கள், கானாக்காரர்களிலேயே சிலருக்கு அதுதான் உண்மையான கீதம். அதிகாரப்பூர்வ கீதத்துக்கு மெட்டமைத்தவர் ஃபிலிப் க்பேஹோ, இவரும் எவே இனத்தவர், அச்சிமோட்டா ஆசிரியர். அமுவின் பாட்டு 1929இல் எழுதியது. முதலில் எவே மொழியில், பிறகு ட்வியில். ‘இது நம் சொந்த மண்’ என்று தொடங்கும். மூதாதையர் ரத்தம் சிந்திப் பெற்ற மண், இனி உன்னுடைய முறையும் என்னுடைய முறையும் என்று போகும். அதோடு நிற்காமல், படிப்புச் செருக்கும் ஏமாற்றும் சுயநலமும் நம்மைக் கெடுத்துவிட்டன என்று தன் மக்களையே திட்டவும் செய்யும். நாட்டுப்பற்றுப் பாட்டில் இப்படித் திட்டு வாங்குகிற கூட்டம் குறைவு.

பள்ளிப் பிள்ளைகள் ஆண்டுதோறும் மே 24 அன்று பேரரசு நாள் என்று வரிசையில் நின்று பிரிட்டனைப் புகழ்ந்து பாடிய காலம் அது. சுதந்திரம் வர இன்னும் 28 வருஷம் இருக்கிறது. அந்த நேரத்தில் ‘இது நம் சொந்த மண்’ என்று பிள்ளைகள் வாயில் போட்டது சின்ன விஷயம் இல்லை.

இங்கே ஒரு குறும்புக் கேள்வி எனக்கு உண்டு. அவருடைய சொந்த விதிப்படியே பார்த்தால், எவேக்குப் போட்ட மெட்டு ட்விக்கு எப்படிச் சரியாகப் பொருந்தும்? பொருந்தாது. ஒரே மெட்டில் இரண்டு மொழி என்றால் எங்காவது ஒரு சொல் நசுங்கத்தான் செய்யும். இருந்தும் அவருடைய பாட்டுகளிலேயே ஊருக்கு ஊர் பரவியது அதுதான்.

எவேக்காரர் ஏன் ட்வியில் இவ்வளவு எழுதினார்?

படித்ததும் வேலை பார்த்ததும் ட்வி பேசுகிற ஊர்களில். அபெடிஃபி, அக்ரோபாங் இரண்டுமே அப்படி. ட்வியைத் தன் மொழியாகவே ஆக்கிக்கொண்டார். கானாவில் இன அரசியல் இல்லாமல் இல்லை, அதனால் ஒரு எவே மனிதர் எழுதிய ட்விப் பாட்டு எல்லோருக்கும் பொதுவானது என்பதை அந்த ஊர்க்காரர்கள் கொஞ்சம் பெருமையோடுதான் சொல்கிறார்கள்.

அவர் மீது குறையே கிடையாதா?

ஏன் இல்லை. குறை சொல்லவும் இடம் இருக்கிறது. நான்கு குரல் குவயர் என்கிற சட்டத்தை அவர் விடவே இல்லை, அதனால் சில பாட்டுகளில் ஊர்த் தாளம் கோட்டு போட்டுக்கொண்டு நிற்கிற மாதிரித் தோன்றும். துணியில் விட்ட கோட்டைப் பாட்டில் விட முடியவில்லை என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. உடம்பு ஆடுவதற்கு அவருடைய பாட்டில் இடம் கம்மி. ஃபாண்டிப் பெண்களின் பாட்டையும் பின்னால் வந்த கோஸ்பலையும் பக்கத்தில் வைத்துக் கேட்டால் இது நன்றாகவே தெரியும். கறார் பேர்வழி வேறு. ஒரு ஸ்வரம் பிசகினால் அவரிடம் மாணவர்கள் தப்ப முடியாது.

அவருக்குப் பின் யார்?

க்வபேனா என்கெட்டியா என்ற பெயரை மறக்கக்கூடாது. 1921இல் பிறந்து 2019இல் இறந்த அவர், ஆப்பிரிக்க இசை ஆராய்ச்சியில் உலகம் மதித்த அறிஞர். அமு வேலை பார்த்த அதே அக்ரோபாங் கல்லூரியில் படித்தவர், அமுவின் பாட்டுகள் காட்டிய வழியில் ஊர் இசையைத் தேடிப் போனவர். அமு காதால் பிடித்ததை என்கெட்டியா எழுத்தில் விளக்கினார் என்று சொல்லலாம்.

பிற்காலம்?

1950களில் குமாசியில், அந்த ஊர்த் தொழில்நுட்பக் கல்லூரியில் இசை கற்பித்தார். ஓய்வு பெற்றபின் 1962இல் கானா பல்கலைக்கழகத்தின் ஆப்பிரிக்க ஆய்வு நிறுவனம் மறுபடி அழைத்துக்கொண்டது, 1971 வரை அங்கே. 1965இல் அதே பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. பிறகு சொந்த ஊரான பெக்கிக்கே திரும்பிவிட்டார்.

ரூபாய் நோட்டில் அவர் படம் இருந்ததாமே?

ரூபாய் இல்லை, செடி நோட்டில் (செடி என்பது கானா நாணயத்தின் பெயர்). 2002இல் வெளியான 20,000 செடி நோட்டில் அமுவின் முகம் இருந்தது. பெரிய தொகை என்று மலைக்க வேண்டாம், விலைவாசி அப்படி. 2007 ஜூலையில் பத்தாயிரம் பழைய செடி ஒரு புதிய செடி என்று கணக்கை மாற்றினார்கள், அந்த நோட்டு இரண்டே செடி ஆகிப் புழக்கத்திலிருந்தும் போய்விட்டது. அரசாங்கத் தலைவர்களும் தளபதிகளும் இருக்கிற இடத்தில் ஒரு பாட்டு வாத்தியார் கொஞ்ச காலம் ஜனங்களின் சட்டைப் பையில் இருந்தார்.

கேட்க ஆசைப்படுகிறேன், எதிலிருந்து தொடங்கலாம்?

யூடியூபில் கானா நாட்டுக் குவயர்கள் பாடியது ஏராளம் கிடைக்கும். எவேயில் ‘அலெக்பெக்பே’ என்ற பாட்டு, மெய்யாகவே கடவுள் இருக்கிறார் என்று சொல்வது. ட்வியில் ‘அடவுரா அபோ மே’. அடவுரா என்பது ஊரில் சேதி சொல்ல அடிக்கிற இரும்பு மணி, கிட்டத்தட்ட நம் தண்டோரா வேலை பார்ப்பது. ‘டெட்டே வோ பி கா’ இன்னொன்று, பழமைக்கும் சொல்ல ஏதோ இருக்கிறது என்று பொருள். முதல் தடவை கேட்கும்போது அர்த்தத்தைத் தேடாதீர்கள், மெட்டு எங்கே ஏறுகிறது எங்கே இறங்குகிறது என்று மட்டும் பாருங்கள். நீங்கள் கேட்பது பாதி பேச்சு.

ஒன்றே ஒன்றுதான் கேட்பேன் என்றால், போன்வீரே பற்றிய பாட்டைக் கேளுங்கள். குமாசிக்குப் பக்கத்தில் உள்ள நெசவு ஊர் அது, கென்ட்டே துணிக்குப் பேர்போனது. சபைப் பாட்டு இல்லை இது. அந்த ஊரில் நெய்கிறவர் ஒருவரைக் கேட்டு வியந்த பாட்டு. நடுவில் சொற்கள் நின்றுபோய் வெறும் ஒலியாகிவிடும், குவயர் முழுக்கத் தறியாகிவிடும். நாடா இந்தப் பக்கம் ஓடுவது, அந்தப் பக்கம் ஓடுவது, கட்டை வந்து இடிப்பது எல்லாம் குரலிலேயே கேட்கும். காஞ்சிபுரத்திலோ ஆரணியிலோ தறிச் சத்தத்துக்கு நடுவில் வளர்ந்தவர்களுக்கு மொழிபெயர்ப்பே வேண்டாம்.